மாறாத மாறி: பொருள்நோக்கு மொழிகளில் அறியாமையின் இருப்பிடம்

1

பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்திலிருந்து நமக்குக் கிடைத்த சொல் ‘மாறி’. மாறுவது எதுவோ அது மாறி. இலங்கைப் பாடநூல்களில் இதே எக்ஸ், ஒய் சமன்பாட்டுக்குள் வரும்போது ‘தெரியாக்கணியம்’ என்றொரு பெயரும் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே எழுத்தைச் சுட்டுகிற இரண்டு பெயர்கள், அவ்வளவுதான். ஆனால் ‘மாறி’ என்னும்போது அந்த எழுத்தின் நடத்தையைப் பற்றிப் பேசுகிறோம். ‘தெரியாக்கணியம்’ என்னும்போது நம் அறிவின் நிலையைப் பற்றிப் பேசுகிறோம். எக்ஸோடு மூன்றைக் கூட்டினால் ஏழு என்ற சமன்பாட்டில் எக்ஸ் எங்கே மாறுகிறது? அது ஆதியிலிருந்தே நான்குதான். மாறுவது நாம். தெரியாமல் இருந்தோம், தெரிந்துகொண்டோம்.

கணிப்பொறி மொழிகளில் பெரும்பான்மை முதல் பெயரின் வழியில் போனவை. அவற்றில் மாறி என்பது ஒரு பெட்டி. அதில் ஐந்தை வைக்கலாம், எடுத்துவிட்டு ஆறை வைக்கலாம். ‘எக்ஸ் = எக்ஸ் + 1’ என்று எழுதலாம்; கணக்கு வாத்தியார் பார்த்தால் பிரம்பை எடுப்பார், கணிப்பொறி ஒன்றும் சொல்லாது. தருக்க நிரலாக்க மொழிகள் என்ற சிறுபான்மை இரண்டாம் பெயரின் வழியில் போனது. அங்கே மாறி மாறாது. அது இன்னும் தெரியவராத ஒன்று, தெரிந்ததும் தெரிந்ததுதான்.

இந்த இரண்டாம் வகை மாறியை முதல் வகை மொழிக்குள் எப்படிக் குடிவைப்பது என்பது நிரலாக்கக்காரர்களின் பழைய தொழில்நுட்பச் சிக்கல். ஸ்மால்டாக், சி++, ஜாவா போன்ற பொருள்நோக்கு மொழிகளில் ப்ரோலாக் போன்ற ஒன்றைக் கட்ட முனைகிற எவருக்கும் முதல் நாளே இது எதிர்ப்படும். இதைத் தொழில்நுட்பச் சிக்கலாக மட்டும் பார்த்துக் கடந்துபோவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மொழி ‘தெரியாது’ என்பதை எப்படிச் சொல்கிறது, அல்லது சொல்ல விடாமல் தடுக்கிறது என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. அது நிரலோடு நின்றுவிடுகிற கேள்வி அல்ல.

தமிழில் ஒரு கூடுதல் இடைஞ்சல். ‘ஆப்ஜெக்ட்’ என்பதைப் பொருள் என்கிறோம். அர்த்தத்தையும் பொருள் என்கிறோம். இக்கட்டுரையில் பொருள் என்றால் ஆப்ஜெக்ட் மட்டும். மற்றதற்கு அர்த்தம் என்ற சொல்லே இருக்கட்டும்.

2

வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1930இல் ழாக் எர்பிரான் தன் ஆய்வேட்டில் தொட்டுச்சென்ற ஒரு யோசனையை 1965இல் ஜே. ஏ. ராபின்ஸன் இயந்திரம் செய்யத்தக்க விதியாகத் திரட்டினார். யூனிஃபிகேஷன் என்ற அதை நான் ஒன்றிப்பு என்கிறேன். இரண்டு வாய்பாடுகளைப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றாவதற்கு அவற்றிலுள்ள தெரியாதவை எவையாக இருக்க வேண்டும் என்று கேட்பது ஒன்றிப்பு. 1972இல் மார்செய் நகரில் அலென் கொல்மெரோவரும் ஃபிலிப் ரூஸலும் பிரெஞ்சு மொழியிலேயே கணிப்பொறியோடு உரையாடும் முயற்சியில் ப்ரோலாக்கை உருவாக்கினார்கள். எடின்பரோவிலிருந்த ராபர்ட் கோவால்ஸ்கியின் பங்களிப்பு இதன் கோட்பாட்டுப் பக்கம். இயற்கை மொழியிலிருந்து பிறந்த மொழி இது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ‘யார்’, ‘எது’ என்ற வினாச்சொற்கள் ஒரு வாக்கியத்தில் என்ன வேலை செய்கின்றனவோ அதே வேலையைத்தான் ப்ரோலாக்கில் மாறி செய்கிறது.

ஓர் உதாரணம். மூன்று பட்டியல்களுக்கிடையில் ‘சேர்’ என்றோர் உறவு: முதலாவதையும் இரண்டாவதையும் ஒட்டினால் மூன்றாவது. [1], [2,3] இரண்டையும் தந்து மூன்றாவதைக் கேட்டால் [1,2,3] என்று வரும். இதில் அதிசயமில்லை. ஆனால் மூன்றாவதாக [1,2,3] தந்து முதல் இரண்டையும் தெரியாதவையாக விட்டால், அதே வரையறை நான்கு விடைகள் சொல்லும். வெற்றுப் பட்டியலும் முழுப் பட்டியலும், ஒன்றும் இரண்டும், இரண்டும் ஒன்றும், முழுதும் வெற்றும். எது உள்ளீடு, எது வெளியீடு என்ற பாகுபாடு உறவுக்குள் இல்லை. கேட்கிறவர் எதைத் தெரியாமல் விடுகிறாரோ அது விடை.

இதைச் சாத்தியமாக்குகிற மாறிக்கு மூன்று குணங்கள். ஒன்று, அது ஒருமுறைதான் கட்டப்படும். ஐந்து என்று கட்டியபின் ஆறோடு ஒன்றிக்கச் சொன்னால் முயற்சி தோற்கும். ஐந்து அழிந்து ஆறு வராது. இரண்டு, மதிப்பு எதுவும் தெரியாத நிலையிலேயே இரண்டு மாறிகள் ஒன்றாகலாம். எக்ஸ் என்னவென்று தெரியாது, ஒய் என்னவென்று தெரியாது, ஆனால் இரண்டும் ஒன்று என்று மட்டும் தெரியும். மூன்று, ஒரு வழியில் போய்த் தோற்றால் திரும்பிவந்து வேறு வழியில் போகும்போது, முதல் வழியில் போட்ட கட்டுகள் எல்லாம் அவிழும்; அவிழ்ந்த சுவடே இருக்கக் கூடாது.

முதல் குணத்துக்கும் மூன்றாவதுக்கும் முரண் இருப்பதுபோலத் தெரியலாம். மாறாது என்கிறாய், அப்புறம் அவிழும் என்கிறாயே? மாறாமை ஒரு தர்க்கத்தின் ஓட்டத்துக்குள்தான். வேறொரு ஓட்டம் தொடங்கினால் அது வேறொரு உலகம். அங்கே எக்ஸ் இன்னும் தெரியாததே. பெட்டி மாறி காலத்தில் மாறுகிறது. தருக்க மாறி உலகத்துக்கு உலகம் வேறுபடுகிறது.

3

“அதுக்கென்ன, ஒரு கிளாஸ் எழுதி உள்ள ஒரு வேல்யூ வெச்சுட்டாப் போச்சு” என்பது வழக்கமாகக் கிடைக்கிற பதில். பதில் தவறில்லை. இருபது வரிகளில் எழுதிவிடக்கூடிய ஒரு வகுப்பு அது. பொருளுக்குள் ஒரே ஓர் அறை: கட்டப்படாதபோது காலி, கட்டப்பட்டால் மதிப்பு. அந்த மதிப்பு இன்னொரு மாறியாகவும் இருக்கலாம். எக்ஸை ஒய்யோடும், ஒய்யை இஸட்டோடும், கடைசியில் இஸட்டை ஐந்தோடும் ஒன்றித்தால் ஒரு சங்கிலி உருவாகும். எக்ஸ் என்னவென்று யாராவது கேட்டால் அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போய்க் கடைசியில் இருப்பதைச் சொல்ல வேண்டும்.

1983இல் டேவிட் வாரன் வகுத்த அருவ இயந்திரம் இதை இன்னும் சிக்கனமாகச் செய்தது. பின்னால் வந்த ப்ரோலாக்குகளில் பல அதன் வழிவந்தவை. அதில் கட்டப்படாத மாறிக்குத் தனி அடையாளம் எதுவும் கிடையாது. அது தன்னையே சுட்டிக்கொண்டிருக்கிற ஒரு நினைவக அறை. சங்கிலியில் போய்க்கொண்டே இருக்கிறீர்கள். தன்னைத்தானே சுட்டுகிற ஒன்றை எட்டினால் இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம். காலி என்ற ஒன்றை இங்கே யாரும் சேமிக்கவில்லை. தெரியாமை ஒரு மதிப்பாக இல்லாமல் ஒரு வடிவமாக இருக்கிறது.

சரி, கட்டை எப்படி அவிழ்ப்பது? ‘டிரெயில்’ என்ற ஓர் அடுக்கு வேண்டும். தடம் என்று சொல்லலாம். எப்போதெல்லாம் ஒரு மாறியைக் கட்டுகிறோமோ அப்போதெல்லாம் அதைத் தடத்தில் குறித்துவைக்கிறோம். கிளை பிரிகிற இடத்தில் தடத்தின் உயரத்தை அடையாளம் செய்துகொள்கிறோம். தோற்றுத் திரும்பும்போது அந்த உயரம் வரை ஒவ்வொன்றாக எடுத்துக் காலியாக்குகிறோம். வாரனின் இயந்திரத்தில் ஒரு நுட்பம்: கிளை பிரிந்த பிறகு பிறந்த மாறிகளைத் தடத்தில் எழுத வேண்டியதில்லை. அந்தக் கிளையோடு அவையும் மறையப்போகிறவை. தங்கப்போகிறவற்றுக்கு மட்டும்தான் ஞாபகம் தேவைப்படுகிறது.

இங்கேதான் என் விமர்சனம் தொடங்குகிறது. இருபது வரி வகுப்பில் தருக்க மாறி எங்கே இருக்கிறது? அந்த அறையிலா? அறை மட்டும் இருந்தால் அது பழைய பெட்டிதான். யார் வேண்டுமானாலும் எதையும் எடுத்துவிட்டு எதையும் வைக்கலாம். அதைத் தருக்க மாறியாக ஆக்குவது வெளியே இருக்கிற மூன்று காரியங்கள்: சங்கிலியைக் கடைசிவரை வாசித்தே ஆகவேண்டும் என்ற ஒழுங்கு, கட்டியதன் மேல் கட்டக் கூடாது என்ற ஒழுங்கு, கட்டியதைத் தடத்தில் எழுது என்ற ஒழுங்கு. இவற்றில் முதல் இரண்டை வகுப்பின் சுவருக்குள் வைத்துவிடலாம். மூன்றாவதை முடியாது. தடம் எந்த ஒரு மாறிக்கும் சொந்தமில்லை. அது எல்லா மாறிகளுக்கும் பொதுவான வரலாறு. தன் நிலைமையைத் தானே வைத்துக்கொள்கிற, தன் உள்ளே பிறர் கைவைக்க விடாத தனியன் என்பது பொருள்நோக்கு மொழியின் ஆதர்சம். இந்த ஆதர்சப்படி கட்டிய மாறியின் உயிர், கடைசியில் அந்தத் தனியனுக்கு வெளியே ஒரு பொதுக் கணக்கேட்டில் இருக்கிறது.

4

தடத்தை எழுதச் சலித்தவர்களைச் சுண்டியிழுக்கிற மந்திரம் ஒன்று ஸ்மால்டாக்கில் உண்டு: ‘பிகம்’. ‘ஆகு’ என்று பெயர்க்கலாம். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஆலன் கே, டேன் இங்கால்ஸ், அடேல் கோல்ட்பர்க் ஆகியோர் வளர்த்த மொழி ஸ்மால்டாக். ஸ்மால்டாக்-80இல் இந்த ஆகு என்ற செய்தி இரண்டு பொருள்களின் அடையாளங்களை மாற்றிப்போட்டுவிடும். யார் யார் முதலாவதைச் சுட்டிக்கொண்டிருந்தார்களோ அவர்கள் எல்லோரும் அடுத்த கணம் இரண்டாவதைச் சுட்டுவார்கள்; இரண்டாவதைச் சுட்டியவர்கள் முதலாவதை. பின்னால் வந்த சில ஸ்மால்டாக்குகளில் ஒருவழி ஆகுவும் உண்டு. அதில் இரண்டு பக்கத்துச் சுட்டிகளும் ஒன்றின் மேலேயே போய் விழும்.

இது தருக்க மாறிக்காகவே செய்துவைத்ததுபோல இருக்கிறதல்லவா? எக்ஸ் என்ற கட்டப்படாத பொருளிடம் ‘அந்தப் பட்டியலாக ஆகு’ என்று சொன்னால் போதும். சங்கிலி கிடையாது, வாசிப்பு ஒழுங்கு கிடையாது. அங்கே ஒரு மாறி இருந்தது என்பதே யாருக்கும் தெரியாது. தெரியாதது தெரிந்ததாகவே ஆகிவிட்டது.

அவிழ்க்கும்போது பாருங்கள் வம்பு. ஒருவழி ஆகுவுக்குப் பிறகு அந்தப் பட்டியலை ஐம்பது சுட்டிகள் சுட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இவற்றில் எவை முன்பு எக்ஸைச் சுட்டியவை, எவை முதலிலிருந்தே பட்டியலைச் சுட்டியவை? சொல்ல வழியே இல்லை. கலந்துவிட்ட பாலையும் தண்ணீரையும் பிரிக்க அன்னப்பட்சியைத் தேட வேண்டும். இருவழி ஆகுவில் திரும்பவும் மாற்றிப்போட்டால் பழையபடி ஆகும் என்பது உண்மை. ஆனால் அதற்கு இடையில் அந்தப் பட்டியலை நியாயமாகச் சுட்டிக்கொண்டிருந்தவர்களிடம் கட்டப்படாத மாறி ஒன்று போய்ச் சேர்ந்திருக்கும். பட்டியலின் நகலை எடுத்து அதோடு மாற்றிக்கொண்டு தப்பிக்கலாம்; அப்படியானால் மறுபடியும் யார் யாரோடு மாற்றிக்கொண்டார்கள் என்ற குறிப்பு வேண்டும். அதாவது தடம். போதாக்குறைக்கு ஸ்மால்டாக்-80இல் சிறு முழு எண்கள் சுட்டிக்குள்ளேயே பொதிந்து கிடப்பவை. ஐந்தைப் பார்த்து ஆகு என்றால் அது ஆகாது.

இதை வெறும் செயலாக்கக் கோளாறாக நான் பார்க்கவில்லை. ஒன்றாவது வேறு, ஒன்றென்று கருதுவது வேறு. தருக்கத்தில் எக்ஸை ஐந்தோடு ஒன்றிப்பது ஒரு கருதுகோள், அது பொய்க்கலாம். ஆகு என்ற செய்தி கருதுகோளை நடந்து முடிந்த நிகழ்ச்சியாக மாற்றிவிடுகிறது. எது கருதப்பட்டது, எது ஏற்கெனவே இருந்தது என்ற வேறுபாட்டை அழிக்கிற எந்த ஒன்றாக்கமும் பின்வாங்க முடியாத ஒன்றாக்கம். நான் பார்த்த பிரதிநிதித்துவங்களில் அழகானதும் ஆபத்தானதும் இதுதான்.

5

அடுத்தது சமத்துவப் பிரச்சினை. பொருள்நோக்கு மொழியில் எல்லாம் செய்தி அனுப்புவதுதான். ஒருவர் சொல்கிறவர், ஒருவர் கேட்கிறவர். ‘அ, நீ ஆவோடு ஒன்றிக்கொள்’ என்று சொன்னால் என்ன செய்வது என்பதை அ என்ற பொருளின் வகுப்பு முடிவு செய்யும். ஒன்றிப்போ இருபக்கமும் சமமான உறவு. அஆ என்றாலும் ஆஅ என்றாலும் ஒன்று. இதைச் சமாளிக்க அ தன் வகை இன்னதென்று சொல்லிக்கொண்டு திரும்ப ஆவுக்குச் செய்தி அனுப்பும் இரட்டைச் செய்தி முறையைக் கையாளலாம். இங்கால்ஸ் 1986இல் விவரித்த உத்தி அது. வேலை செய்கிறது. ஆனாலும் சமமான ஒரு உறவு இரண்டு கட்டளைகளாக எழுதப்படுகிறது.

வாரனின் இயந்திரம் இதில் யோக்கியம் என்று சொல்ல முடியாது. இரண்டு கட்டப்படாத மாறிகள் சந்தித்தால் எது எதைச் சுட்ட வேண்டும்? தருக்கத்தைக் கேட்டால் எப்படியும் இருக்கலாம் என்னும். இயந்திரத்தில் இளையது மூத்ததைச் சுட்ட வேண்டும் என்பது விதி. மூத்தது இளையதைச் சுட்டினால், இளையது இருந்த இடம் கலைக்கப்படும்போது மூத்தது ஒன்றுமில்லாத இடத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கும். ஆக, சமத்துவத்தை எழுத்தில் இறக்குகிற எந்த இடத்திலும் ஒரு படிநிலை வந்து சேர்கிறது. வித்தியாசம் என்னவென்றால் இயந்திரத்தின் படிநிலை வாசகனுக்குத் தெரியாது, விடையையும் பாதிக்காது. வகுப்பின் படிநிலை, எழுதுகிறவர் கவனமாக இல்லாவிட்டால், விடையிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதைவிட ஆழமான இடறல் ‘சமமா?’ என்ற கேள்வியில் இருக்கிறது. ஜாவாவில் ஒவ்வொரு பொருளும் ‘நீயும் இதுவும் சமமா?’ என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லும்படி அமைந்திருக்கிறது. தெரியாதவை இருக்கும் உலகில் கேள்வி மூன்றாகப் பிரிகிறது: இப்போது ஒன்றா? ஒன்றாகலாமா? ஒன்றாகு. ப்ரோலாக்கில் இரண்டு சமக்குறிகள் சேர்ந்தால் முதல் கேள்வி. ஒற்றைச் சமக்குறி இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே மூச்சில் செய்கிறது. ஒன்றாகலாமா என்று கேட்பதே, முடியுமானால், ஒன்றாக்கிவிடுகிறது. ஜாவாவின் ஒற்றைக் கேள்வியில் இதை அடைத்தால் என்னாகும்? கட்டப்படாத எக்ஸைத் திறவுகோலாக வைத்து ஒரு அகராதி அட்டவணையில் எதையோ சேமிக்கிறீர்கள். பிறகு எக்ஸ் ஐந்தாகிறது. மாறியின் சமத்துவம் இப்போது ஐந்தின் சமத்துவம். அட்டவணையில் அது உட்கார்ந்திருக்கிற இடமோ பழைய இடம். சேமித்தது உள்ளேயே இருக்கும், தேடினால் கிடைக்காது. ‘சமம்’ என்பது காலமற்ற உண்மை என்று அட்டவணை நம்பியிருந்தது. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் வரை அப்படியொரு நம்பிக்கை இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

6

மூன்றாவது வழி ஒன்று உண்டு. என் சார்பு அதன் பக்கம். மாறிப் பொருளுக்குள் எதையுமே வைக்காதே. அது வெறும் அடையாளம். ‘நான் மற்றவை அல்ல’ என்பதைத் தவிர அதனிடம் சொல்ல எதுவுமில்லை. கட்டுகள் தனியாக ஒரு பதிவேட்டில் இருக்கட்டும். அந்தப் பதிவேட்டைத் திருத்தவே கூடாது. புதிய கட்டு வந்தால் பழைய பதிவேட்டின் மேல் ஒன்று கூடிய புதிய பதிவேடு உண்டாகும். கிளை பிரிந்தால் இரு கிளைகளுக்கும் ஆளுக்கொரு பதிவேடு. தோற்ற கிளையின் பதிவேட்டைக் கைவிட்டால் போதும், அவிழ்க்க எதுவுமில்லை. டேனியல் ஃப்ரீட்மன், வில்லியம் பர்ட், ஒலெக் கிஸெல்யோவ் மூவரும் 2005இல் வெளியிட்ட ‘தி ரீஸன்ட் ஸ்கீமர்’ நூல்வழி அறியப்பட்ட மினிகான்ரென் இந்த முறையைச் சார்ந்தது. அது ஸ்கீம் மொழியில் பிறந்தாலும் எந்தப் பொருள்நோக்கு மொழியிலும் இதை எழுதலாம்.

இந்த முறையில் ‘எக்ஸ் என்ன?’ என்ற கேள்விக்கே இடமில்லை. ‘இந்தப் பதிவேட்டின்படி எக்ஸ் என்ன?’ என்றுதான் கேட்க முடியும். நான் முன்பு சொன்ன உலகத்துக்கு உலகம் வேறுபடும் குணம் இங்கே ஒழுங்காகவோ உபாயமாகவோ இல்லாமல் கேள்வியின் இலக்கணத்திலேயே இருக்கிறது. செலவு உண்டு. ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் தேட வேண்டும். எந்தச் செயலுக்கும் பதிவேட்டைக் கையோடு தூக்கிக்கொண்டு போக வேண்டும். வேகம் வேண்டுமென்றால் தடமும் பெட்டியும்தான். அதை மறுக்கவில்லை. வேகத்துக்காக எதை மறைக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு மறைக்கலாம் என்கிறேன்.

பொருள்நோக்கு மொழியின் பக்கத்து நியாயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். மதிப்பே இல்லாத, ஆனால் மற்றொன்றிலிருந்து வேறான ஒன்று என்பதைச் சொல்ல அந்த மொழிகளிடம் அருமையான வசதி இருக்கிறது: பொருளின் அடையாளம். 1967இல் ஓஸ்லோவில் டாலும் நைகாடும் ஸிமுலா 67ஐ வடிவமைத்த காலத்திலிருந்து வருகிற வசதி இது. குணங்கள் எல்லாம் ஒத்திருந்தாலும் இரண்டு பொருள்கள் இரண்டுதான். கட்டப்படாத மாறிக்கு வேண்டியது அதுவேதான். பொருள்நோக்கு மொழிக்கு அடையாளங்களைப் பிறப்பிக்கத் தெரியும். இரண்டென்று நினைத்தது ஒன்றே என்று பின்னால் தெரியவந்தால் என்ன செய்வது என்பதுதான் அதற்குத் தெரியாது.

7

இதைப் படிக்கிற நண்பர்கள் சிலருக்குக் கை துறுதுறுக்கும் என்று தெரியும். தன்னையே சுட்டுகிற அறை, குறிப்பானிலிருந்து குறிப்பானுக்கு நழுவும் சங்கிலி, தடம்... இதெல்லாம் தெரிதா சொன்னதுதானே, மிதக்கும் குறிப்பான் என்று லெவிஸ்ட்ராஸ் 1950இல் சொன்னதுதானே என்று ஓடிவருவார்கள். கொஞ்சம் நிற்க வேண்டும். தருக்க மாறியின் சங்கிலி முடிகிறது. முடிவது மட்டுமல்ல, ஒவ்வொரு முறையும் முடிகிறது: ஒரு மதிப்பில், அல்லது தன்னையே சுட்டும் ஓர் அறையில். ஒத்திப்போடுதல் இங்கே உண்டு. முடிவற்ற ஒத்திப்போடுதல் கிடையாது. சிந்தனைக்கு இடம்தருவது முடிகிறது என்ற அந்த உண்மைதான். தெரியவில்லை என்பதை உறுதியாக, பிசகில்லாமல் சொல்ல முடிகிற ஒரு மொழி இது. அதைப் பிடித்து எல்லாமே தெரியாது என்ற பொதுவான மூட்டத்துக்குள் கரைப்பது இரண்டு பக்கத்துக்கும் அநியாயம்.

எக்ஸை எக்ஸ் உள்ளடங்கிய ஒன்றோடு ஒன்றிக்கச் சொன்னால் என்னாகும் என்பதைக் கேட்டால் இது விளங்கும். தன்னைத் தனக்குள் கொண்ட ஒன்று. ராபின்ஸனின் விதி இதைச் சோதித்துத் தடுத்தது. வேகம் கருதிப் பெரும்பாலான ப்ரோலாக்குகள் அந்தச் சோதனையைக் கைவிட்டன; 1995இல் வந்த ஐஎஸ்ஓ தரநிர்ணயம் சாதாரண ஒன்றிப்பில் இந்த நிலைமையை வரையறுக்காமல் விட்டு, சோதனையோடு கூடிய ஒன்றிப்பைத் தனியாகத் தந்தது. கொல்மெரோவர் வேறொன்று செய்தார். 1982இன் ப்ரோலாக் இரண்டில் முடிவற்ற மரங்களையே ஏற்றுக்கொண்டு அவற்றுக்கான கணிதத்தை அமைத்தார். முடிவின்மையை ரசித்துக்கொண்டிருக்காமல் அதற்கு விதி சொன்னார்கள். கோட்பாட்டாளர்கள் இவர்களிடம் கற்க வேண்டிய பாடம் அது.

எதிர்த்திசைப் பயணமும் நடந்திருக்கிறது. 1983இல் எஹூட் ஷபீரோவும் அகிகாஸு தகெவுச்சியும் கன்கரண்ட் ப்ரோலாக்கில் பொருள்களைத் தருக்கத்தால் கட்டிக் காட்டினார்கள். அங்கே பொருள் என்பது தன்னைத்தானே திரும்பத் திரும்ப அழைத்துக்கொள்ளும் ஒரு செயல்; அதற்கு வரும் செய்திகள் ஒரு பட்டியல்; பட்டியலின் வால் இன்னும் கட்டப்படாத மாறி. செய்தி அனுப்புவது என்றால் அந்த வாலைக் கொஞ்சம் கட்டுவது. பதில் வேண்டுமா, செய்திக்குள்ளேயே ஒரு கட்டப்படாத மாறியை வைத்து அனுப்பு; பெறுகிறவர் அதைக் கட்டுவார். பொருள்நோக்கு மொழி தருக்க மாறியை ஒரு பொருளாகப் பார்த்தது. தருக்க மொழி பொருளை, மெல்ல மெல்லத் தெரியவரும் ஒரு மாறியின் வாசகனாகப் பார்த்தது. இங்கும் விலை உண்டு. ஒரே பொருளுக்குப் பலர் செய்தி அனுப்ப வேண்டுமானால் பட்டியல்களைப் பின்னிச் சேர்க்கத் தனியாக ஒரு செயல் வேண்டும். சின்ன மாற்றத்துக்கும் முழு நிலையையும் அடுத்த அழைப்புக்குக் கடத்த வேண்டும். ஒரு மொழி எதைச் சிரமமின்றிச் சொல்கிறதோ அதையே உலகம் என்று நம்பிவிடுவது இரண்டு தரப்புக்கும் பொதுவான வியாதி.

8

இதெல்லாம் நிரல் எழுதுகிறவர்களின் தலைவலி, நமக்கென்ன என்று கேட்கலாம். பதில் நம்முடைய பெயர்கள் கிடக்கிற பதிவேடுகளில் இருக்கிறது.

1965இல் டோனி ஹோர் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக ‘நல்’ என்ற வெற்றுச் சுட்டியைக் கொண்டுவந்தார். 2009இல் அவரே அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்றார். அவர் கவலை, வெற்றைத் தொட்டு நிரல்கள் செத்துவிழுவது பற்றியது. என் கவலை வேறு. பொருள்நோக்கு மொழிகளிலும் தரவுத்தளங்களிலும் தெரியாததைச் சொல்ல அனேகமாகக் கிடைக்கிற ஒரே சொல் இந்த ‘நல்’தான். அது எல்லாத் தெரியாமைகளையும் ஒன்றேபோல ஆக்கிவிடுகிறது.

இரட்டைப் பிள்ளைகள் இருவர். பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. பதிவேட்டில் இருவர் பெயருக்கு நேரேயும் ‘நல்’. இருவரும் ஒரே நாளில் பிறந்தவர்களா என்று எஸ்க்யூஎல் மொழியில் கேளுங்கள். ‘நல்’லும் ‘நல்’லும் சமமா என்ற கேள்விக்கு அதன் பதில் ஆம் இல்லை, இல்லையும் இல்லை, ‘அறியப்படாதது’. அந்த வரி விடைப் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் விழுந்துவிடும். எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள், “ஒரே நாள்லதான் பொறந்தாங்க, என்னைக்குன்னு தெரியாது”. பாட்டியின் வாக்கியத்தைத் தருக்க மாறி அப்படியே எழுதும்: இரண்டு இடங்களில் ஒரே மாறி. மூத்தவனைவிட இளையவள் இரண்டு வயது சின்னவள், இருவரின் ஆண்டும் தெரியாது என்பதையும் எழுதலாம். 1987இல் ஜாஃபரும் லாஸேயும் முன்வைத்த கட்டுப்பாட்டுத் தருக்க நிரலாக்கம் இப்படிப்பட்ட தெரியாமைகளுக்கிடையிலான உறவை வைத்தே கணக்குப் போடும். தரவுத்தளக்காரர்களுக்கும் வழி தெரியாமல் இல்லை. 1984இலேயே இமியெலின்ஸ்கியும் லிப்ஸ்கியும் பெயரிட்ட வெற்றுகளைப் பற்றிக் கோட்பாடு எழுதிவிட்டார்கள். நடைமுறைப் பதிவேடுகளில் அது அபூர்வம்.

வெற்றைக்கூட ஏற்காத படிவங்கள் இன்னும் மோசம். பிறந்த தேதி தெரியாத அகதிகளுக்கு ஜனவரி 1 என்று எழுதிவிடுவது பல நாடுகளில் வழக்கமாக இருந்துவருகிறது. ஆப்கானிஸ்தானிலிருந்தும் சூடானிலிருந்தும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர்களில் எத்தனையோ பேருக்கு அதுதான் அதிகாரபூர்வப் பிறந்த நாள். பெட்டி காலியாக இருக்கக் கூடாது, எதையாவது வை. வைத்தபின் அது தெரியாமல் வைத்தது என்ற தடம் அழிந்துவிடுகிறது. நான்காம் பகுதியில் சொன்ன ‘ஆகு’ மந்திரம்தான் இது. கருதியது நடந்ததாகிவிட்டது. இனி எந்த ஜனவரி 1 நிஜம், எது கருதியது என்று பதிவேட்டை வைத்துப் பிரிக்க முடியாது. பள்ளியில் சேர்க்க, ஓய்வூதியம் தர, வயதுவந்தவனா சிறுவனா என்று தீர்மானிக்க அந்தப் பொய்த் தேதியையே அதிகாரம் உண்மையாக வாசிக்கும்.

தருக்க மாறியைப் பொருள்நோக்கு மொழியில் பிரதிநிதிப்படுத்த முடியுமா என்றால், முடியும். மூன்று வழிகளை மேலே சொன்னேன். எந்த வழியைத் தேர்ந்தாலும் மூன்று கேள்விகளை அதன் முன் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. இரண்டு தெரியாமைகள் ஒன்றென்று இதில் சொல்ல முடிகிறதா? கருதியதற்கும் அறிந்ததற்கும் உள்ள வேறுபாடு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? பின்வாங்க வேண்டியபோது யாருடைய ஞாபகத்தைக் கேட்பது? ஒரு வகுப்பை மதிப்பிட இந்தக் கேள்விகள் போதும். ஒரு படிவத்தை மதிப்பிடவும் இவையே போதும் என்று நினைக்கிறேன். நிரல் எழுதுகிறவர்கள் முதல் காரியத்தை ஓரளவு செய்துவருகிறார்கள். இரண்டாவதைச் செய்ய வேண்டியவர்கள் நாமும்தான்.